குனிந்தால் வரும் சொல்

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேரமில்லை.

வரன் பார்த்துக் கொடுக்கும் உஷிஜிமா அம்மாள் எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கும் பல் டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. நம் கனாசாவா ஊரில் வேண்டாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, உனக்கே தெரியும். முதலில் நீட்டி முழக்கி நன்றி சொல்லவேண்டும். பிறகு "ஆனா..." என்று இழுத்து நிறுத்தினால், அது மறுப்பு என்று கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும்.

நானும் பாயில் கை ஊன்றிக் குனிந்தேன். "இவ்வளவு பெரிய இடமாப் பார்த்திருக்கீங்க, உங்க நல்ல மனசுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. ஆனா..."

அந்த அம்மாள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது அக்கா, சத்தியமாகப் புரிந்துவிட்டது.

"அட, நமக்குள்ள எதுக்கும்மா நன்றி! பையன் வீட்டுல இன்னிக்கே சொல்லிடுறேன்" என்று சிரித்தார். உடனே அம்மா என்னைவிடத் தாழக் குனிந்து நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அவர் போனதும், "எனக்கு வேண்டாம்மா" என்றேன்.

"அவ்வளவு அழகா நன்றி சொல்லிட்டு இப்ப என்னடி? உன் அக்கா மாதிரி மரியாதை தெரியாதவள்னு பேர் வாங்கணுமா?"

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயச் சீர் வருகிறது. என் முன்னால் வைப்பார்கள். குனிந்து நன்றி சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லிவிடுவேன் அக்கா. குனிந்துவிட்டால் என் வாயில் வேறெதுவும் வராது.

யாருக்கும் நன்றி சொல்லாமல் இந்த வீட்டைவிட்டுப் போனவள் நீ ஒருத்திதான். அந்த ஞாயிறன்று வாசலில் வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்துவிடுவேன்.

வந்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

உன் தங்கை