பாட்டு முடியட்டும்

மார்ச் 4

என் அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தைக் கையில் எடுத்தேன்.

நம் 'கரைக்கு வந்தவன்' நாடகம் படமாகிறது, எடிட்டர் நீதான் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உன்னைப் போடச் சொன்னதே நான்தான் என்பது தெரியாது. தயாரிப்பாளர் தயங்கினார். "சார், நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேனே" என்று இழுத்தார். "அது சும்மா கோபம், ஒரு வருஷமா நீளுது, அவ்வளவுதான்" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசிப் பாட்டில் கை வைக்காதே. ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். கப்பல் சமையல்காரன் பல வருஷம் கழித்துத் திரும்பி, பூட்டிய வாசலில் நின்று பாடுகிறான். மனைவி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைக்கிறாள். பாட்டு முடிந்ததும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். அந்த இடத்தில் அரங்கம் அதிராத நாள் உண்டா, நீயே சொல்.

படவேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடு. சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

உன் பாட்டுக்காரன்

*

மார்ச் 11

வாத்தியாருக்கு,

நாடகக் குழுவில் எல்லோரும் கூப்பிடுகிறபடியே நானும் கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

என் பழைய படங்களைப் பார்த்துத்தான் இயக்குநர் என்னைக் கேட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். உங்கள் கடிதம் வந்து அதையும் கெடுத்தது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எடுத்து அனுப்பிய காட்சிகளில் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எல்லா நடிகர்களும் அப்படியே சிலையாக நிற்கிறார்கள். கைத்தட்டலுக்காகக் காத்திருக்கிறார்களாம். இது யார் சொல்லிக்கொடுத்த பாடம் என்று கேட்கவே வேண்டாம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் படம் நின்றுவிட்டது என்று ஆபரேட்டரைத் திட்டப்போகிறான். அதையெல்லாம் எடுத்துவிடுகிறேன்.

நான்

*

மார்ச் 18

எடிட்டர் அம்மாவுக்கு,

சமாதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை மறுபடி படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமாம், நிற்கச் சொன்னது நான்தான். அந்த இடைவெளியில்தான் பாட்டு ஜனங்களின் மனசில் இறங்கும். அதை வெட்டினால் படத்துக்கு மூச்சு வாங்கும். பாப்கார்ன் கொறிக்க வருகிற கூட்டத்துக்காக என் நாடகத்தைக் கொத்துக்கறி போடுவாயா? சரி, மற்ற பாட்டுகளை என்னவோ செய்துகொள். கடைசிப் பாட்டு மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.

ஒரு வருஷமாகக் கடை டீதான், நேற்று நானே டீ போட்டேன். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே குடித்தேன். இது கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத செய்திதான், இருந்தாலும் சொல்கிறேன்.

உன் பாட்டுக்காரன்

*

மார்ச் 25

வாத்தியாருக்கு,

சர்க்கரை அடுப்புக்கு மேல் அலமாரியில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

பாப்கார்ன் கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாடகத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்களும், கிடைத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து முன்னால் இருப்பவர் தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களும்தான் அந்தக் கூட்டம். பாட்டுகளை அவர்கள் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. மேடையில் தெரியாமல் போன எதையோ பார்க்கத்தான் இவ்வளவு ஆசையாக வருகிறார்கள். சினிமாவில் எல்லோருக்கும் முதல் வரிசை.

கடைசிப் பாட்டில் ஒரு எழுத்து குறையாது. வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள்.

நான்

*

ஜூன் 2

எடிட்டர் அம்மாவுக்கு,

என்னை நன்றாக ஏமாற்றிவிட்டாய்.

நேற்று மதியக் காட்சிக்கு யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். பாட்டு முழுசாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடுகிறவன் எங்கே? முதல் வரிக்கு அவன் முகம் வந்தது. அதற்குப் பிறகு பாட்டு முழுக்க உள்ளே தைக்கிற மனைவியின் முகம்தான். அவளுக்கு எதிரே இன்னொரு கேமரா வைத்துச் சும்மா எடுத்ததாம், இயக்குநர் பல்லைக் காட்டுகிறார்.

ஊசியில் நூல் கோர்க்கப் பார்க்கிறாள், தவறுகிறது, மறுபடி கோர்க்கிறாள். 'உனக்காகத்தானே போனேன்' என்று அவன் உருகிப் பாடும்போது இவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அவன் அடுத்த வரிக்குப் போய்விடுகிறான். வாயை மூடிக்கொள்கிறாள். தியேட்டரே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு பார்த்தால், என் பக்கத்து சீட்டு அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "அதான் கதவைத் தொறந்துட்டாளே, அப்புறம் ஏன் அழற?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். "சும்மா இருங்க. அவ என்ன சொல்ல வந்தான்னு கடைசி வரைக்கும் யாரும் கேக்கல" என்றார் அந்த அம்மா.

மூன்று மாதம் மண்டையை உடைத்து எழுதிய பாட்டு பின்னணி இசையாகிவிட்டது. எல்லாப் பத்திரிகையும் அந்த முகத்தைத்தான் எழுதுகிறது. வயிறு எரிகிறது எனக்கு.

அந்தப் பாட்டை முதன்முதலாக வீட்டில் வாசித்துக் காட்டியபோது நீ எனக்குப் பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். கேட்டு அழுதுவிட்டாய் என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அன்று உன் முகம் எப்படி இருந்தது? அதையாவது மறைக்காமல் சொல்.

உன் பாட்டுக்காரன்

*

ஜூன் 9

வாத்தியாருக்கு,

நான் அழவில்லை.

அன்று காலையில்தான் எனக்கு முதல் படம் வந்திருந்தது. உதவியாளராக இல்லை, தனியாக, என் பெயரில். சொல்லலாம் என்று ஓடி வந்தேன். "ஒரு நிமிஷம், இதைக் கேளு" என்று ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். பாட்டு முடியட்டும் என்று உங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றேன். முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்றீர்கள். "நல்லா இருக்கு" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. உடனே போனை எடுத்துக் குழுவில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். அந்த வாரமே ஊர் ஊராகப் போகத் தேதி குறித்தாயிற்று. உடை, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் என் தலையில். அந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களை அவமானப்படுத்த அப்படி எடிட் செய்யவில்லை. அந்த முகத்தை மானிட்டரில் பார்த்தேன், அதை விட்டு வேறு ஷாட்டுக்குப் போக எனக்குக் கை வரவில்லை.

கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயம். நாம் சேர்ந்து இருந்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியை நீங்கள் கேட்டதே இல்லை. இதற்கு நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுச் சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
நான்

*

ஜூன் 13

என் கண்ணே,

என்ன கடிதம் எழுதிவிட்டாய். இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போதே மெட்டு வந்துவிட்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பாட்டை முடித்தேன். இந்த முறை மனைவிதான் பாடுகிறாள், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. மேடையில் நிஜமாகவே ஆவி பறக்கும்.

தயாரிப்பாளரிடம் போனிலேயே பாடிக் காட்டினேன். "முதல்ல நாடகமா போடுங்க சார், ஓடினா படமாக்கிடலாம்" என்கிறார். எடிட்டர் நீதான் என்று இப்போதே சொல்லிவிட்டேன். பார், எல்லாம் கூடி வருகிறது.

பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, வாசித்துக் காட்டுகிறேன். அதற்குள் பாட்டு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போடு, இருப்புக் கொள்ளவில்லை.

உன் பாட்டுக்காரன்

*

ஜூன் 20

வாத்தியாருக்கு,

பாட்டு வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது.

சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மேல் பூட்டுக்கு இருப்பது இது ஒன்றுதான், இத்தனை நாள் கீழ்ப் பூட்டை மட்டும் போட்டுச் சமாளித்திருப்பீர்கள். மேல் பூட்டு சில நாள் இறுகிக்கொள்ளும். கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். எப்போதும் நான் உள்ளே இருந்து திறந்துவிடுவேன், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
எடிட்டர்