கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான், முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி எழுதி வாங்கவில்லை. காலையில் உட்கார்ந்தேன், இந்த வரிக்கு வருவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் எழுத எழுத எத்தனை சந்தோஷமாக இருக்கிறது, தெரியுமா? நானும் உன் பெண் வாலுவும் நலம். கோபத்துக்கும் குறைவில்லை.

போன வருடம் முழுக்க வாலு பள்ளி நோட்டைக் கொண்டு வந்து நீட்டுவாள். வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருப்பார். என்னவென்று கேட்டால், "நல்லா படிக்கிறேன்னு எழுதியிருக்காங்க தாத்தா" என்பாள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு அதன் கீழே விரல் ரேகை வைப்பேன். போன வாரம் அந்த நோட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சோம்பேறி. வீட்டில் கண்டிக்கவும்.' ஆறு இடத்தில். ஆறுக்கும் கீழே என் பெருவிரல்! அவள் பொய் சொல்லவில்லையம்மா. அவளுக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு.

நோட்டோடு தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்கதானே ஒத்துக்கிட்டு ரேகை வச்சிருக்கீங்க பெரியவரே" என்றார். இந்தப் பிள்ளைக்கு ஏன் படிப்பு வரவில்லை என்று இந்த வருடம் மூன்று தடவை வந்து கேட்டேனே என்றேன். "எழுத்துல ஒண்ணும் கொடுக்கலையே" என்றார். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. நாற்பது வருடம் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவன் நான். ஓடவில்லை என்றால் கழற்றிப் பார்ப்பேன். சோம்பேறி மோட்டார் என்று எழுதி ஒட்டியதில்லை. இதைச் சொன்னதற்கு, "இது மோட்டார் கடை இல்ல" என்று கதவைக் காட்டினார்.

எங்கள் முதியோர் வகுப்பு டீச்சரிடம் போய்க் கொட்டினேன். அவர்தான் வழி சொன்னார். பிள்ளைக்குப் படிப்பதில் எங்கே சிக்கல் என்று முறையாகப் பரிசோதிக்கச் சொல்லி, தேவைப்பட்டால் தனிக் கவனிப்போடு சொல்லித் தரச் சொல்லி, பெற்றவர்கள் பள்ளியிடம் கேட்கலாமாம். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். எழுத்தில் கேட்க வேண்டும். தேதி போட வேண்டும். நாம் கண்டதை அப்படியே எழுத வேண்டும். ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் 'பார்க்கலாம்' என்று மழுப்ப முடியாது. முடியாது என்றால் காரணத்தையும் எழுத்திலேயே தர வேண்டும்.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு தடவை கேட்ட கதையை வாலு அப்படியே திருப்பிச் சொல்கிறாள். கணக்குக்கு வாயால் விடை சொல்கிறாள். பலகையைப் பார்த்து எழுதினால் எழுத்து இடம் மாறுகிறது, வரி தாண்டிப் போகிறது. வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்கிறாள். எல்லாம் எழுதி, கீழே பெருமையாக என் கையெழுத்தைப் போட்டுக் கொண்டு போனேன். அலுவலக எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெற்றவள் கையெழுத்துத்தான் செல்லுமாம். அவள் அப்பன் போன பிறகு நீ ஒருத்திதானே இருக்கிறாய்?

கையெழுத்துக் கேட்டால் நீயோ போனில், "என் பொண்ணுக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டப் போறீங்களாப்பா?" என்று கத்தினாய். எனக்கு உன் மேலும் கோபம்தான். பட்டம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ஆறு தடவை. கண்ணிலா, காதிலா, எழுத்து மனதில் பதிகிற விதத்திலா, எங்கே தடங்கல் என்று பார்க்கத்தானே கேட்கிறேன்? பக்கத்தில் உட்கார்ந்து வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தால் அவளுக்கு வரும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுதத்தான் கை ஓட மாட்டேன் என்கிறது. உனக்குப் படிப்பு வரவில்லை என்று உன் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து உன்னை அடித்தேன். மறுநாள் உன் பையை வாங்கிப் பரண் மேல் போட்டேன். ஏன் வரவில்லை என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. இப்போது எனக்கு யார் மேல் இத்தனை கோபம் என்று நீ கேட்காதே.

பள்ளிக்கு நான் எழுதிய அந்தக் காகிதம் இத்துடன் இருக்கிறது. அங்கே உன் கேன்டீன் வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது எடுத்துப் பார். நான் பென்சிலால் கோடு போட்ட இடத்தில் உன் பெயரை எழுது. அவசரமில்லை தாயே, நிறுத்தி நிறுத்தி எழுது. எழுத்துக் கோணினாலும் பரவாயில்லை. இனி யாரும் அடிக்க மாட்டார்கள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா