போமா சொன்ன ஒரே சொல்

குமாசி
1978 பிப்ரவரி 11

போமாவின் அப்பாவுக்கு,

சனாத்து எழுதுகிறேன். நானும் போமாவும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். லாரிக்கார மூசா நாளை அபிஜானுக்குப் புறப்படுகிறாராம். அதனால் அடுப்பை அணைத்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். நாலாம் வகுப்பு எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். உங்கள் பட்டறை ஆட்களிடம் காட்டிச் சிரிக்காதீர்கள்.

முதல் செய்தி, உங்கள் மகள் பேசிவிட்டாள். ஆணியில் தொங்கும் உங்கள் பழைய சட்டையைக் கை நீட்டிக் காட்டி "பா" என்றாள். எங்கள் தகோம்பா பேச்சில் பா என்றால் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது, ஆனாலும் சட்டையைப் பார்த்துக் கூப்பிடுகிறாளே என்று.

பிறகு பார்த்தால் கோழிக்கும் பா, குடத்துக்கும் பா. காலையில் நான் கம்பங்கூழ் விற்கும்போது பானைக்குள் எட்டிப் பார்த்து "பா" என்றாள். நாம் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தான்கோ தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. அவர் ஹவுசா ஆயிற்றே. "மகளே, உன் வியாபாரத்தை உன் பொண்ணே கெடுக்கிறா. எங்க பேச்சுல இல்லைன்னு சொல்றதுக்கு 'பா'ன்னுதான் வாயத் தொறப்போம். கூழ் இல்ல, போங்கன்னு வர்றவங்களை எல்லாம் விரட்டுறா பாரு" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்குக் கூழும் காராமணி வடையும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன.

உங்கள் அக்கா அஃப்ராகோமா போன வாரம் வந்தார். வாழைக்காய் கொண்டுவந்தார். போமா கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அக்கா தூக்கிக் கொஞ்சினார். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இறக்கிவிடும்போது, "அழகாத்தான் இருக்கா. என்ன பண்றது, எங்க வீட்டுப் பிள்ளை இல்லையே" என்றார். எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. உங்களுக்குப் பிறந்தவள் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்றால் வேறு யார் வீட்டுப் பிள்ளை? இது என்ன கதை என்று எனக்கு எழுதுங்கள். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள்
சனாத்து


அபிஜான்
1978 மார்ச் 3

என் சனாத்துவுக்கு,

மூசா கடிதத்தைக் கொடுத்தபோது நான் ஒரு அலமாரிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்து படித்தேன். முதலாளி திட்டினான். திட்டட்டும்.

அவள் என்னைக் கூப்பிட்டாள் என்று நீ சொல்கிறாய். எங்கள் அசாந்திப் பேச்சில் பா என்றால் பிள்ளை. அதனால் அவள் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். நான்தான் பிள்ளை, என்னைப் பாருங்கள் என்று. இங்கே சாப்பாடு விற்கும் ஜூலாக்கார அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள். "அட கூறுகெட்டவனே, பான்னா அம்மா! எந்தப் பிள்ளையாவது முதல்ல அப்பனைக் கூப்பிடுமா? ஊரை விட்டு ஓடி வந்தவனை?" என்றாள். அவர்கள் பேச்சில் ஆட்டுக்கும் அதுதானாம், பெரிய ஆற்றுக்கும் அதுதானாம். என்னோடு வேலை செய்யும் பக்காரி சொன்னான், "அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரும் ஒரே வாய்க்குள்ள குடியேறிட்டீங்க. வாடகை மிச்சம்." நாள் முழுவதும் பட்டறையில் இதே பேச்சு.

அக்கா சொன்னதை மனசில் வைக்காதே. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எங்களில் பிள்ளை அம்மாவின் குலம். நான் என் அம்மா வீட்டுக்காரன், என் அப்பா வீட்டுக்காரன் இல்லை. என் அக்கா பிள்ளைகள்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். போமாவுக்குப் பெயர் வைத்தது நான். பள்ளிக்கூடம் அனுப்பப் போவதும் நான். ஆனால் வீடு என்று பார்த்தால் அவள் உன் அண்ணன் யாகுபு வீட்டுப் பெண் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தாய்மாமன் இருக்கும்போது என்ன குறை?

உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. அவளுக்கு என் முத்தம்.

உன்
க்வாக்கு ஃபோசு


குமாசி
1978 ஏப்ரல் 22

போமாவின் அப்பாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

தமாலேயிலிருந்து அண்ணன் சேனைக்கிழங்கு மூட்டைகளோடு லாரியில் வந்திருந்தான். போமாவை முழங்காலில் வைத்துக் குதிரை ஆட்டினான். அவள் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "பா, பா" என்றாள். "நான் உன் பா இல்லடி கழுத. உன் பா கடல்கரையில கட்டில் செஞ்சுக்கிட்டு இருக்கான்" என்று சிரித்தான். நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று பார்த்து நீங்கள் எழுதியதைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "உனக்குப் பைத்தியமா சனாத்து? நம்மள்ல எந்தப் பிள்ளையாவது தாய்மாமன் வீட்டுப் பிள்ளையா இருக்கா? அசாந்திக்காரன் பெத்த பிள்ளைக்கு நான் என்ன ஆகணும்? நாளைக்கு அவ கல்யாணத்துக்கு யார் வீட்டு வாசல்ல வந்து பொண்ணு கேட்டுக் கோலாக் கொட்டை வைப்பாங்க? அவ அப்பன் வீட்டுலதான்!" என்றான். அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

நம் இரண்டு பேரில் யார் முட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பெற்று உங்கள் வீட்டுக்குக் கொடுத்தேன் என்று இருந்தேன். நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தேன் என்று இருந்தீர்கள். நடுவில் அவள் நிற்கிறாள். நான் அசாந்திக்காரியாகவும் நீங்கள் தகோம்பாவாகவும் இருந்திருந்தால் இரண்டு வீடும் இழுத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கும்.

தான்கோ தாத்தாவிடம் கேட்டேன். அசாந்தி வீடுகளில் வெளிப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது உண்டாம். உங்கள் தாய்மாமன் அடுசேய் குலப் பெரியவர்களைக் கூட்டி, மது ஊற்றி, முன்னோர்களுக்கு அவள் பெயரைச் சொன்னால் போதுமாம். நீங்கள் அடுசேய் மாமாவுக்கு உடனே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு வரி. நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
சனாத்து


அபிஜான்
1978 மே 19

என் சனாத்துவுக்கு,

உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ கேட்பது கடிதத்தில் கேட்கிற காரியம் இல்லை. தாய்மாமனிடம் இப்படி ஒன்றைக் கேட்பதென்றால் நான் நேரில் போக வேண்டும். மது புட்டியை வைத்து, செருப்பைக் கழற்றி, தோள்துணியை இடுப்புக்கு இறக்கிவிட்டுக் கேட்க வேண்டும். கடிதம் எழுதினால், "க்வாக்கு என்னைக் கடைக்காரன்னு நினைச்சானா, சாமான் அனுப்புன்னு எழுதுறதுக்கு?" என்று கேட்பார். பிறகு ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். அவளுக்காகத்தான் சொல்கிறேன். காரியம் கெட்டுவிடக் கூடாது.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன். வந்த மறுநாளே மாமா வீட்டுக்குப் போகிறேன். இது என் வாக்கு.

மூசாவிடம் போமாவுக்கு மஞ்சள் கவுன் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பெரிதாகத்தான் எடுத்தேன். வளர்ந்துகொண்டே இருப்பாளே.

உன்
க்வாக்கு ஃபோசு


குமாசி
1978 ஜூலை 2

போமாவின் அப்பாவுக்கு,

மூசா சொல்லியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதுவது?

மணல்வாரி வந்து, இறங்கி, நெஞ்சில் சளியாகக் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நன்றாகத்தான் பார்த்தார்கள். விடிந்த பிறகு நர்ஸ் ஊசி போட வந்தபோது கண்ணைத் திறந்து, பா என்றாள். நர்ஸ் அசாந்திப் பெண். "ஆமா தங்கம், நீதான் பிள்ளை" என்று கன்னத்தைத் தொட்டாள். நான் வேறு நினைத்தேன். அவள் எந்தப் பேச்சில் சொன்னாள் என்று இனி யாரைக் கேட்பது? அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மஞ்சள் கவுனைப் போட்டு, முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டு அடுசேய் மாமா வீட்டுக்கு நடந்தேன். சந்தை வழியாகத்தான் போக வேண்டும். தக்காளி விற்கிற ஒருத்தி, "அக்கா, பிள்ளை அசந்து தூங்குது. தலை தொங்குது பாரு, ஒரு கை குடு" என்றாள். நான் கையைப் பின்னால் கொடுத்துத் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

மாமா வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்த பிறகுதானே உங்கள் வீடுகளில் வந்த செய்தி கேட்பார்கள். குடித்தேன். பிறகு சொன்னேன். உங்கள் அக்கா ஓவென்று கத்தித் தரையில் விழுந்தார். மாமா கண்ணும் கலங்கியது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

"பிள்ளையை அடக்கம் பண்ண இடம் வேணும் மாமா" என்றேன்.

"அம்மா, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஆனா அந்த மண் எனக்குச் சொந்தம் இல்ல. குலத்துக்குச் சொந்தம். க்வாக்கு உயிரோட இருந்த பிள்ளைக்குக் கேட்டிருந்தா என்னைக்கோ முடிச்சிருப்பேன். இப்ப பெரியவங்க உட்கார்ந்து பேசணும்."

"எப்ப உட்காருவாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

அன்றைக்குச் செவ்வாய். நான் எழுந்துவிட்டேன். அக்கா வாசல் வரைக்கும் வந்தார். என் முதுகைத் தொடவில்லை, என் கையைத்தான் பிடித்தார். "உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு சனாத்து" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தான்கோ தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். மாமாவும் அக்காவும் சொன்னதைச் சொன்னேன். "தமாலேல இருந்து ஆள் வர்ற வரைக்கும் பிள்ளையை வெயில்ல வைக்கிறதா? எறக்கு மகளே" என்றார். முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவர் மனைவி ஹஜராதான் அவிழ்த்தார். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார். எங்களில் அடக்கம் பண்ணப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன். அவ்வளவு சின்னதாக இருந்ததால் தாத்தா ஒருவரே கையில் ஏந்திக்கொண்டு போனார்.

கபர்ஸ்தான் காவல்காரர், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாராம். அவரும் கேட்கத்தானே வேண்டும். தாத்தா, "என் பேத்தி" என்றாராம். தன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவள் சொன்ன அந்த ஒரு சொல்லை ஊரே தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. என் அண்ணன், நர்ஸ், உங்கள் ஜூலாக்கார அம்மா, நீங்கள், நான். பிள்ளையை எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் நான் தெருத்தெருவாகப் போக வேண்டியிருந்தது.

சனாத்து


அபிஜான்
1978 ஆகஸ்ட் 6

சனாத்து,

இந்தக் கடிதத்தைப் பல தடவை கிழித்துவிட்டேன். பட்டறைக்குப் போகவில்லை. பக்காரி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். ஒரு சிறு பெட்டிகூட நான் செய்து கொடுக்கவில்லையே என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் பெட்டி வைப்பதில்லை என்றும் தெரியும்.

மாமாவுக்கு எழுதினேன். ஆமாம், கடிதத்தில்தான் எழுதினேன். அவர் கோபிக்கவில்லை. பெரியவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று பதில் வந்திருக்கிறது. மது ஊற்றி அவள் பெயரைச் சொல்வார்களாம். கபர்ஸ்தானில் பேசி, எங்கள் வீட்டுப் பெயர் போட்ட சிமெண்டுக் கல் ஒன்றை வைக்கச் செய்கிறேன் என்கிறார். அக்காவும் அழுது கேட்கிறாளாம். நீ சரி என்று சொன்னால் போதும்.

நீ இங்கே வந்துவிடு. இரண்டு பேர் இருக்க ஒரு அறை பார்த்திருக்கிறேன். நமக்கு இன்னொரு பிள்ளை பிறக்கும். இந்தத் தடவை பிறப்பதற்கு முன்னாலேயே மாமாவிடம் போய்ச் செருப்பைக் கழற்றுகிறேன். என்னை அடி, திட்டு. ஆனால் எழுது.

உன்
க்வாக்கு


குமாசி
1978 செப்டம்பர் 17

க்வாக்கு ஃபோசுவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பிடாமல் இருக்காதீர்கள். கை நடுங்கினால் உளி வழுக்கிவிடும்.

உங்களை அடிக்கவும் திட்டவும் எனக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தில் எழுதியும் மாமா கோபிக்கவில்லை என்று படித்த இடத்தில் மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கூழ் அடிப்பிடித்துவிட்டது. அவ்வளவுதான்.

நான் அபிஜானுக்கு வரவில்லை. இன்னொரு பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிறக்கட்டும். ஒரு அசாந்திப் பெண்ணைக் கட்டுங்கள், பிள்ளைக்கு வீடு இருக்கும். நான் மனதாரத்தான் சொல்கிறேன். அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன், அவன் வந்து உங்கள் மாமாவிடம் முறைப்படி பேசி நம் கல்யாண உறவைத் தீர்த்துவிடுவான். என்னை வடக்கே வா என்கிறான். அங்கேயும் போகவில்லை. இந்த முற்றத்திலேயே இருக்கிறேன். ஹஜராவுக்கும் முட்டி வலி, தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும்.

கல் வைக்க வேண்டாம். மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய அன்பு எனக்குத் தெரிகிறது. ஆனால் தான்கோ தாத்தா அந்த வாசலில் நின்று தன் பேத்தி என்று சொல்லியிருக்கிறார். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். அதற்கு மேல் உங்கள் வீட்டுப் பெயரைக் கொண்டுபோய் வைத்தால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். அவரைப் பொய்யராக்க என்னால் முடியாது.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் வாருங்கள். அவளைப் பாருங்கள். எனக்கு அங்கே போக வழியில்லை, உங்களுக்கு உண்டு. காவல்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரியாது. போமாவின் பெயரையும் அவர் கேட்டதில்லை. தான்கோவின் பேத்தி எங்கே என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் காட்டுவார்.

சனாத்து