முப்பத்தோராம் பக்கம், ஆறாவது பத்தி

பிப்ரவரி 11, செவ்வாய்

மேனேஜர் இருதயராஜ் சார் இன்று எங்கள் தோல் தொழிற்சாலை லேபுக்கு வந்தார். அவர் லேபுக்கு வருவதே அபூர்வம். மார்ச் கடைசியில் எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். தொழிலாளர்களுக்குத் தமிழில் ஒரு பாதுகாப்புக் கையேடு இருந்தாக வேண்டுமாம். என்னோடு லேபில் வேலை பார்க்கும் தூபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எழிலரசி, நீதானே பி.எஸ்சி கெமிஸ்ட்ரி? தமிழ்ல எழுதுவியா?"

தலையை ஆட்டினேன். வாய் திறந்து 'சரி சார்' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் போனதும் தூபா, "அரே, ரைட்டர் அம்மா!" என்று என் முதுகில் தட்டினாள்.

பஸ்ஸில் ஆலங்காயம் வரும்வரை சந்தோஷமாக இருந்தது. நான் ஒரு புத்தகம் எழுதப்போகிறேன். எங்கள் வீட்டில் என் பாடப்புத்தகங்களை விட்டால் அச்சடித்த காகிதம் என்பது தினசரி காலண்டர் மட்டும்தான்.

பிப்ரவரி 15, சனி

எப்படித் தொடங்குவது? ஒரு நல்ல புத்தகம் எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்த நல்ல புத்தகம் ஒன்றுதான். காலேஜ் முதல் வருடம் லாங் பஜார் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கனிம வேதியியல். முழுக்க ஆங்கிலம். ஆனால் எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். 'இதுன்னா துரு மாதிரி.' 'இது முக்கியமில்ல, விடு.' 'இங்க குழப்பும், அடுத்த பக்கம் முதல்ல படி.' அந்தப் பென்சில் எழுத்தால்தான் நான் பாஸானேன்.

ஆனால் கையேட்டில் பென்சில் எழுத்தா எழுத முடியும்? அச்சடித்த பகுதியைப் போலத்தான் எழுதவேண்டும். வரையறை, பண்புகள், உண்டாகும் விதம், தீங்குகள், முன்னெச்சரிக்கை. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் அதே வரிசை. கடைசியில் அகரவரிசைச் சொல்லடைவு. அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் வரும்.

பிப்ரவரி 20, வியாழன்

டீ நேரத்தில் எழுதியதைக் கோதண்டபாணி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கழிவுத் தொட்டி மோட்டார் அவர் பொறுப்பு. தோலிலிருந்து முடி எடுத்த தண்ணீரெல்லாம் அந்தப் பத்தடித் தொட்டிக்குத்தான் போகிறது. மோட்டாரில் முடி அடைத்துக்கொண்டால் இறங்கி எடுப்பதும் அவரும் அவர் உதவியாள் வசந்தும்தான்.

இரண்டு பக்கம் கேட்டார். கொட்டாவி விட்டார்.

"ஏம்மா, இது இன்னா பரீட்சைக்கா?"

"இல்லண்ணே, உங்களுக்குத்தான்."

"எனக்கா? எங்க தொட்டி எப்ப வருது?"

"முப்பத்தோராம் பக்கம்."

"அதுக்குள்ள டீ ஆறிப்பூடும்." வசந்தைப் பார்த்துச் சிரித்தார். "தொட்டிக்கு இன்னாத்துக்குப் புக்கு? மூடிய தெறந்தா அழுகின முட்டை நாத்தம் வரும். நாத்தம் இருந்தா காஸ் இருக்குது. அப்டியே ஓரமா நில்லு. நாத்தம் போச்சா, காஸ் போச்சு. எறங்கு. மூக்குதாம்மா மீட்டரு."

அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் அதுதான் மோசமான கட்டம். படித்திருக்கிறேன், பத்து மதிப்பெண் கேள்வியில் எழுதியும் இருக்கிறேன்.

"அண்ணே, அது வந்து—"

மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். கத்திச் சொல்லவேண்டும். இருபது வருடம் தொட்டி பார்த்தவரிடம், எல்லார் முன்னாலும், தப்பு என்று.

சொல்லவில்லை. லேபுக்கு வந்து முப்பத்தோராம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன், ஆறாவது பத்தியாக: 'செறிவு மிகும்போது நுகர்வு நரம்புகள் செயலிழப்பதால் வாயுவின் மணம் உணரப்படாது. எனவே மணமின்மையைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளலாகாது.'

நன்றாக வந்திருக்கிறது. புத்தகம் வந்தால் படித்துக்கொள்வார்.

மார்ச் 3, திங்கள்

நாற்பத்தெட்டுப் பக்கம் வரவேண்டும் என்கிறார் சார். முன்னுரையும் தோல் தொழிலின் வரலாறும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். முன்னுரைக்குத் தனி எண் போட்டு, வரலாற்றைக் கடைசியில் வைத்து, பக்க எண் மாறாதபடி பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அறுபது பிரதி வந்துவிட்டது. வழவழப்பான அட்டை. உள்ளே சின்ன எழுத்தில் 'தொகுப்பு: வே. எழிலரசி, பி.எஸ்சி.' ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா இதே கம்பெனியில் தோல் பதப்படுத்தும் டிரம் செக்‌ஷனிலிருந்து வந்து கை கழுவியும் புத்தகத்தைத் தொடவில்லை. "நீயே பிரிச்சிக் காட்டு" என்றார்.

இன்னொன்றும் எழுதி வைக்கவேண்டும். இன்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். தாளின் தலைப்பு: 'மார்ச் 10 அன்று பயிற்சி பெற்றேன், கையேடு பெற்றுக்கொண்டேன்.' மார்ச் 10 அன்று எதுவும் நடக்கவில்லை. ஆடிட்டுக்கு முன்னால் எப்போதும் இப்படித்தான், தீயணைப்புப் பயிற்சித் தாளும் இதே மாதிரிதான் என்று தூபா சொன்னாள்.

"புக்கு எங்கம்மா?" என்று கேட்டார் கோதண்டபாணி அண்ணன்.

"ஆடிட் முடிஞ்சதும் தருவாங்கண்ணே."

"வாங்காத புக்குக்குக் கையெழுத்து. நல்ல கம்பெனி!" சிரித்துக்கொண்டே போட்டார். பல பேர் கிறுக்குவார்கள். அவர் முழுப்பெயரையும் இனிஷியலோடு எழுதினார்.

மார்ச் 27, வியாழன்

ஆடிட். வந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சொல்லடைவைப் பார்த்ததும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். சாயங்காலம் மீதி ஐம்பத்தொன்பதும் ஆபீஸ் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

புத்தகங்களை எப்போது கொடுப்பீர்கள் என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "கைல குடுத்தா ஒரே நாள்ல அழுக்காக்கிடுவாங்கம்மா. அடுத்த ஆடிட்டுக்கு வேணும்ல?" என்றார் சார். சாவி அவர் சட்டைப்பையில்.

மே 6, செவ்வாய்

கோதண்டபாணி அண்ணன் போய்ட்டார்.

எழுதணும். வரிசையா எழுதணும்.

பதினொன்றரை மணி. மோட்டார் அடைத்துக்கொண்டது. வசந்த் இறங்கினான். ஏணியில் பாதியிலேயே மயங்கி ஓரத்துத் திண்டில் சரிந்தான். சத்தம் கேட்டு ஓடினோம். கோதண்டபாணி அண்ணன் கயிற்றோடு மேலே நின்றுகொண்டிருந்தார். யாரோ கத்தினார்கள்: "புக்கு போட்டாங்களே, அதுல இன்னா இருக்குதுன்னு பாருங்கடா!"

தூபா ஓடினாள். சார் வெளியே போயிருந்தார், சாவி இல்லை. எடைக்கல்லால் அலமாரிக் கண்ணாடியை உடைத்து ஒன்றை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். கையில் ரத்தம். "படி, எழில், ஜல்தி!"

முப்பத்தொன்றைப் பிரித்தேன்.

'ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பது நிறமற்ற, காற்றைவிடக் கனமான ஒரு வாயு. இதன் மூலக்கூறு வாய்பாடு—'

படித்தேன். முதல் வரியிலிருந்து. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். ஆறாவது பத்தியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். ஆனாலும் முதல் வரியிலிருந்துதான் படித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். நடுவிலிருந்து சொல்லச் சொன்னால் எனக்கு வராது. முதல் வரியைச் சொன்னால்தான் மற்றது வரும்.

மூன்றாவது பத்தியில் இருந்தேன். அவர் தொட்டிப் பக்கம் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "நாத்தம் போச்சுப்பா. நான் எறங்குறேன்."

நான் நிமிர்ந்தேன். வாய் திறந்தது. 'இறங்காதீங்க' — ஒரே சொல். வரவில்லை. விரல் மூன்றாவது பத்தியிலேயே இருந்தது.

வசந்தைக் கயிற்றில் கட்டினார். மேலே இழுத்தார்கள். வசந்த் பிழைத்துவிட்டான். கயிறு மறுபடி கீழே போனபோது அண்ணன் விழுந்து கிடந்தார், பிடிக்க ஆள் இல்லை. இன்னும் ரெண்டு பேர் இறங்கப் போனார்கள். தூபாதான் ரத்தக் கையோடு அவர்கள் முன்னால் நின்று மறித்தாள். தீயணைப்புக்காரர்கள் வந்துதான் அண்ணனை எடுத்தார்கள்.

அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

அடக்கம். போனேன். கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

மே 12, திங்கள்

அலமாரிக்குப் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அரசாங்க அதிகாரியின் விசாரணை. சார் டைப் செய்த தாளை நீட்டினார். நான் பயிற்சி கொடுத்ததாகவும், கோதண்டபாணிக்குக் கையேடு வழங்கப்பட்டதாகவும், முப்பத்தோராம் பக்கம் ஆறாவது பத்தியில் தெளிவாக எச்சரித்திருந்தும் அவர் அதை மீறி இறங்கியதாகவும். கூடவே அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல்.

"நீ எழுதுனதுதானேம்மா? ஆறாவது பத்தி பொய்யா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா? கையெழுத்துப் போடு. உங்கப்பாவும் இங்கதான் வேலை பாக்குறார்." கடைசி வரியை அன்பாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, என் புத்தகம் ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாத தாளை அவ்வளவு நேரம் எதற்குப் பார்த்தார்? "கோதண்டம் எனக்கு எதிர் ஷெட்டும்மா" என்றார்.

மே 14, புதன்

அம்பிகா அக்கா வீட்டுக்குப் போனேன். கோதண்டபாணி அண்ணன் மனைவி. ஷூ கம்பெனியில் தைக்கிறார். கம்பெனி ஆள் வந்து கையேட்டையும் கையெழுத்து நகலையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான், 'உங்க வீட்டுக்காரர் மேலதான் தப்பு' என்று புரியவைக்க.

"நீதானே எழுதுன? படி, கேக்குறேன்" என்றார்.

படித்தேன். நிறமற்ற வாயு. மூலக்கூறு வாய்பாடு. உண்டாகும் விதம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது பத்தியைப் படித்து முடித்தேன்.

"இப்ப படிச்சியே, இதுக்கு இன்னா அர்த்தம்?"

"நாத்தம் போனா காஸ் போச்சுன்னு நெனைக்கக் கூடாது. அப்பதான் ஜாஸ்தி இருக்கும்."

"இதுதானா?"

"ஆமாக்கா."

"இத இப்ப எனக்குச் சொன்ன மாதிரி அவருக்குச் சொல்றதுக்கு இன்னாடி?"

புத்தகத்தை மூடினேன்.

"இந்தப் புக்க அவருக்குக் குடுத்தாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"நான்தான் வாங்கினேன்."

என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுந்து போ" என்றார்.

மே 16, வெள்ளி

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் சார், ஒரு வக்கீல். பெயர் கேட்டார், சொன்னேன். பயிற்சி கொடுத்தீர்களா என்றார். இரண்டு முறை கேட்டார்.

"எழுதித் தரட்டுமா சார்?"

தாள் கொடுத்தார்கள். பழக்கதோஷம், 'எங்கள் தொழிற்சாலை' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். மேலே எழுதினேன்:

'கோதண்டபாணிக்குக் கையேடு கொடுக்கப்படவில்லை. பயிற்சி நடக்கவில்லை. கையெழுத்தை மார்ச் 18 அன்று நான் வாங்கினேன். புத்தகங்கள் பூட்டியிருந்தன. கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்தோம். நாற்றம் போனால் இறங்கலாம் என்று அவர் நம்பியது பிப்ரவரி முதல் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.'

அரைப் பக்கம். அதிகாரி படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சார் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 2, திங்கள்

என்னை நிறுத்தியது போதாதென்று அப்பாவையும் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஒரே ஒரு தாள். பெரிய எழுத்து. நான்கு வரி.

நாற்றம் போனால் காஸ் போகவில்லை. மூக்குதான் செத்துப்போனது.
இறங்காதே. ஓடு.
உள்ளே ஒருவர் விழுந்தாலும் இறங்காதே.
தீயணைப்பு 101.

வரையறை இல்லை, வரலாறு இல்லை, என் பெயரும் இல்லை. இதை எழுத பிப்ரவரியில் எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிளாஸ்டிக் உறை போட்டுத் தூபாவிடம் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டாள். கையில் தையல் போட்ட தழும்பு.

ஜூலை 22, செவ்வாய்

தூபா தொட்டிப் பக்கம் ஒட்டிய தாளைச் சார் இரண்டு முறை கிழித்துவிட்டாராம். அவள் மறுபடி மறுபடி நகல் எடுக்கிறாள். விசாரணை தள்ளிவைப்பு. அப்பா ஏலகிரிக்குத் தோட்ட வேலைக்குப் போகிறார். நான் வாணியம்பாடியில் டியூஷன் சென்டரில். பிள்ளைகளை நடுவிலிருந்து கேள்வி கேட்கிறேன். திணறுகிறார்கள். விடுவதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

விசாரணை இன்னும் முடியவில்லை. அம்பிகா அக்கா என்னோடு பேசுவதில்லை.

மத்தியானம் தூபா ஒரு போட்டோ அனுப்பினாள். தொட்டி மூடிக்கு மேலே, சுவிட்ச் பெட்டியில் கம்பியால் கட்டியிருக்கிறது தாள். வசந்த் வேலைக்குத் திரும்பிவிட்டானாம். கட்டினது அவன்தான். கம்பியை இடுக்கியால் முறுக்கியிருக்கிறான், சாரால் அவிழ்க்க முடியவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். தாள் முழுக்க அழுக்கு. கீழ் ஓரம் கிரீஸ் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது. என் நான்கு வரிக்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவால், கோணல் எழுத்தில் யாரோ சேர்த்திருந்தார்கள்:

'கோதண்டம் அண்ணன் நாத்தம் போச்சுன்னு எறங்குனாரு. நீ எறங்காத.'