சந்தனம் பூசிய சக்கரம்

புது டயரின் வாசனை உனக்கு ஆகாது. எப்போது வந்தாலும் டயர் கடைக்குள் வராமல் எதிர்த்த மரத்தடியில் நின்றுகொண்டு, "நீங்க முடிச்சுட்டு வாங்க" என்பாய். நாலு நாளைக்கு முன்னால் விருதுநகரில் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நம் காருக்கு மறுபடியும் டயர் மாற்ற வேண்டியிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் தன்னாலே திரும்பி மரத்தடியைப் பார்த்தேன். யாரோ ஒருவர் பைக்கை நிறுத்தியிருந்தார்.

நீ இருந்த காலத்தில் உன்னிடம் சொல்லாமல் ஒரே ஒரு தடவைதான் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். இன்று அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சொல்லாமல் வைத்திருப்பதில் என்ன இருக்கிறது?

வண்டி வாங்கிய புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பட்டாசு லேபிளில் சிவப்பு ஒரு நூல் விலகினாலும் கட்டோடு தூக்கிப் போடுகிற அச்சாபீஸ்காரன் நான். அந்தக் கிறுக்கை வண்டியிலும் காட்டினேன். கம்பெனி கொடுத்த சக்கரம் போதாதென்று, பெரிய அலாய் சக்கரமும் அதற்குத் தகுந்த சன்னமான டயரும் வாங்கி மாட்டினேன். பளபளவென்று இருந்தது. தினமும் காலையில் பனியன் துணியால் துடைப்பேன். "என் மூஞ்சிய ஒரு நாளாச்சும் இம்புட்டு நேரம் பாத்திருக்கீகளா?" என்று நீ கேட்டதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறு வயதில் நீ ஓட்டக் கற்றுக்கொண்டாய். திருத்தங்கலிலிருந்து விருதுநகரில் நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நீயே ஓட்டிக்கொண்டு போனாய். பஸ்ஸில் நின்றுகொண்டு போன காலமெல்லாம் உன் முகத்தில் பார்க்காத ஒரு தெளிச்சி அந்த மாதங்களில் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை.

பிறகு அந்த ஆயுத பூஜை வந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது, லேபிள் ஆர்டர் கழுத்து வரைக்கும். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான் வெளியே வருவதற்குள் வண்டிக்கு நீயே பூஜை முடித்திருந்தாய். மூன்று சக்கரத்துக்கு மூன்று விரல் சந்தனம். இடது பக்கம் முன் சக்கரத்துக்கு மட்டும் ஓரம் முழுக்க, தோசைக்கு மாவு இழுத்த மாதிரி கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். "என்ன, அந்தச் சக்கரத்து மேல மட்டும் அம்புட்டு பக்தி?" என்று கேட்டேன். "மிச்சம் இருந்துச்சு, பூசிட்டேன்" என்றாய். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் மழை பெய்து சந்தனம் கரைந்தது. அலாய் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு, வெள்ளை வெளேரென்று. அச்சாபீஸ் வாசலில், பத்துப் பேர் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். "பிளாட்பாரக் கல்லு மலை மாதிரி நிக்குது, கண்ணு தெரியலியா? இதுல சந்தனத்தப் பூசி மறைக்கிற வேலை வேற!" நீ சாவியைக் காகிதக் கட்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனாய். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றாய்.

பொங்கல் வரைக்கும் பஸ்தான். வீட்டில் சண்டை இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை. "வண்டிய எடுத்துட்டுப் போயேன்" என்று நான் சொன்னால், "எனக்கு பஸ்ஸே வசதியா இருக்கு" என்பாய். எனக்கு அது தாங்கவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த மாதிரி வளர்ந்தவன் இல்லை நான். அதனால் டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உட்கார்ந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "ஓட்டுனது யாரு அண்ணாச்சி?" என்றார். "வீட்ல" என்றேன். "அவுகளத் திட்டிப்புடாதீக. தப்பு டயருல இருக்கு. சன்னமான டயரு, அதுவும் ரிம்ம விட அகலம் கொறச்சல். அலாய் வெளிய துருத்திக்கிட்டு நிக்கி. கல்லுகிட்ட போனா மொதல்ல அதுதான ஒரசும்?" நான் எதிரே அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டி முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த டயரைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

அவர் வேறொரு டயரை உருட்டி வந்து என் கையைப் பிடித்து அதன் பக்கவாட்டில் வைத்தார். அலாய் ஓரத்தை ஒட்டி ரப்பர், வயல் வரப்பு மாதிரி, சுற்றிலும் புடைத்துக்கொண்டிருந்தது. கல்லில் உரசினால் முதலில் அந்த வரப்புதான் தேயும், அலாய் தப்பிக்கும் என்றார். எல்லா டயரிலும் அது இருக்காது, கேட்டு, தடவிப் பார்த்து வாங்க வேண்டும். ரிம்முக்குச் சரியான அகலம் வேண்டும். காற்றுக் குறைந்தால் டயர் நசுங்கி எல்லாம் வீண் என்றார். "வேகமா கொண்டு போயி மோதுனா எந்த டயரும் காப்பாத்தாது. நிறுத்துறப்ப படுற சின்னச் சின்ன ஒரசலுக்கு இது போதும்." முடிந்தால் பழைய சின்னச் சக்கரத்துக்கே போய்விடுங்கள், அதில் டயர் உயரமாக இருக்கும் என்றும் சொன்னார். அந்தப் பளபளப்பை விட எனக்கு அப்போதும் மனசு வரவில்லை. வரப்பு வைத்த டயர் நாலு வாங்கினேன்.

வீட்டு வாசலில் நீ குனிந்து அந்த ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவினாய். "இது எனக்கா, வண்டிக்கா?" என்றாய். "வண்டிக்குத்தான்" என்றேன். இப்படி ஒரு மடையன் உலகத்தில் உண்டா! நீ சிரித்துவிட்டாய். சாவிக்குக் கை நீட்டினாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். விருதுநகருக்குள் நுழையும்போது நீயே சொன்னாய். "அன்னைக்கு இங்கனதான். மிளகா மூடை ஏத்துன லோடு ஆட்டோ ஒண்ணு சட்டுன்னு குறுக்க வந்துருச்சு. இடது பக்கம் ஒடிச்சேன், கல்லுல ஏறிருச்சு. ரெண்டு நாளு கை நடுங்குச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. கியரை மாற்றிக்கொண்டே சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓட்டினாய். கடைசி ஐந்து மாதம் மட்டும் நான் ஓட்டினேன், மதுரை ஆஸ்பத்திரிக்கு. நீ நாலு எட்டு நடப்பதே கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் படிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்று ஒரு நாள் வண்டியை ஓரத்தோடு ஓரமாகக் கொண்டு போனேன். கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. கர்ரென்று கல்லில் இழுத்தது. ரப்பர் வரப்பையும் தாண்டி அலாய் கிழிந்த சத்தம் எனக்குத் தெரியும். வண்டி குலுங்கியதில் உனக்கு வலித்திருக்கும், முகம் சுருங்கியது. ஆனாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலேல்ல?"

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நான் வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து, "வண்டிதானங்க, விடுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாய். நீ போகிறவரைக்கும் அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. நான் வண்டிக்காக அழவில்லை.

இப்போது நம் மகள்தான் அந்த வண்டியில் தாயில்பட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். புது டயரும் அவளுக்காகத்தான் போட்டேன், ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து. இந்தத் தடவை பெரிய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய சின்னச் சக்கரத்தையே மாட்டச் சொன்னேன். நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது. பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது மேடைக்கல்லில் இடித்துவிட்டாளாம். "அப்பா, திட்டாதீக, நான் வேணும்னு..." என்று தொடங்கினாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலேல்லம்மா?" என்றேன்.

"இல்லப்பா. கைதான் நடுங்குது" என்றாள். "வண்டி கெடக்கட்டும். தண்ணி குடிச்சுட்டு, உக்காந்து, மெல்ல வா" என்றேன்.

அவள் வந்து சேர்ந்ததும் வாசலுக்குப் போனேன். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கம் நின்றிருந்தது. அன்றைக்கு அச்சாபீஸ் வாசலில் உன் கையை நான் இப்படிப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.