அடுப்படி ஜன்னல்

ஜங்ஷனில் புளூபிரிண்ட் கடைக்குள் நுழைந்ததும் அம்மோனியா கண்ணைக் கரித்தது. கடைக்காரர் வீட்டு வரைபடத்தை வாங்கி, "எப்பவும்போல ரெண்டு காப்பிதானம்மா?" என்றார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நீ இறந்து நான்கு மாதம் ஆகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

டவுணில், ஜவுளிக்கடை மாடியில் நம் அலுவலகம். ஒரு மேசை. கட்டடக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பிய இரண்டு பெண்கள், நீயும் நானும். சாத்தான்குளத்தில் வீடு கட்டப் படம் கேட்டு வந்த அந்தக் கணவனையும் மனைவியையும் நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி மட்டும் பேசினார். அவர் மனைவி, நம் மைனி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டே நீ பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாய். அடுப்படிக்கு ஜன்னல் போட்டபோது மைனி குனிந்தார்.

"அங்கன வேண்டாம். இங்கன தள்ளி வைங்க. சின்னவ கெணத்துச் சுவத்துல ஏறுதா. அடுப்படியில நின்னா எனக்குத் தெரியணும்."

"ஏளா, அவுக படிச்சவுக. சும்மா இரி."

"படிச்சு என்ன அண்ணாச்சி, ஒங்க கெணறு எங்கன கெடக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா" என்று நீ பென்சிலை நீட்டினாய். "நீங்க போடுங்க மைனி."

அவர் போட்ட கோடு கோணலாக இருந்தது. நீ அதை அழிக்கவில்லை.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்று அதற்கு முன் உன்னோடு எத்தனை சண்டை. திரையில் அந்த ஜன்னல் மட்டும் மாடி ஜன்னலுக்கு நேராக இல்லை. நேராக்கினேன். உன் கை பிசகியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அது பொய். அழகுக்காகச் செய்தேன்.

அச்சடித்த படத்தை அவர்களுக்கு விரித்துக் காட்டிவிட்டு உன் கட்டிலருகே வந்தேன்.

"மைனி என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல" என்றேன், பெருமையாக.

"ஏட்டி, ஒண்ணுமே சொல்லலியா?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன்.

போன வாரம் சாத்தான்குளம் போனேன். சுவர் எழும்பியிருந்தது. அடுப்படிக்குள் நின்று பார்த்தேன். ஜன்னலில் மதில் மட்டும் தெரிந்தது. கிணறு தெரியவில்லை. சின்னவளின் குரல் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மைனி."

"அச்சடிச்சுக் கொண்டாந்துட்டியளே. அதுல போயி நான் என்னத்தச் சொல்ல?"

கொத்தனாரிடம் ஜன்னலை இடித்து இடம் மாற்றச் சொன்னேன். அண்ணாச்சியின் முகம் கறுத்தது.

"படத்துல இப்பிடித்தானம்மா இருக்கு?"

"படந்தான் தப்பு அண்ணாச்சி. நாந்தான் மாத்துனேன்."

ஒரு செங்கல் துண்டை எடுத்து மைனியிடம் கொடுத்தேன். கணவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு கோடு இழுத்தார். கொத்தனார் அதை நூல் பிடித்து நேராக்கட்டுமா என்று கேட்டார். மைனியே வேண்டாம் என்றார்.

இதை வந்து சொல்ல உன் கட்டில் இல்லை.

கம்ப்யூட்டரை நான் விட்டுவிடவில்லை. ஆனால் வீடு கேட்டு வருகிறவர்களோடு உட்காரும்போது பென்சில்தான். எதிரே இருப்பவர்களுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று நீ உன் இடத்திலிருந்தே படத்தைத் தலைகீழாக வரைவாய். எனக்கு அது வரவில்லை. எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறேன். எதிரே நம் நாற்காலிகள் இரண்டும் காலியாக இருக்கின்றன.