எந்தப் பாலத்தில் ஏறுவது

நவம்பர் 3, ஞாயிறு

இன்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் பக்கத்து ஊர் மிட்லண்ட் வரை போய்த் திரும்பினேன். பெரிய சாலையில். எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போயின. பயப்படவில்லை. பொய் எழுதக் கூடாது, பயந்தேன். திரும்பி வரும்போது பயமில்லை.

என் புருஷன் எவரிஸ்தோ உயிரோடு இருந்தவரை இந்த ஸ்டியரிங்கை நான் துடைத்திருக்கிறேன், பிடித்ததில்லை. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இருக்கையை இன்னும் அவர் கால் நீளத்துக்கே விட்டிருந்தேன், முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று முன்னால் இழுத்துக்கொண்டேன்.

குடியேற்ற அட்டை வந்துவிட்டது. இனி நான் மெக்சிகோவுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். டெக்சாஸில் பதினாறு வருடம் காத்திருந்த அட்டை, அவர் செத்து மூன்று மாதம் கழித்து வந்தது. இதற்கு யாரைத் திட்டுவது?

டிசம்பரில் மகளைப் பார்க்கப் போகிறேன். எழுதிவிட்டேன். போகிறேன்.

நவம்பர் 4, திங்கள்

எவரிஸ்தோவின் தம்பி சோன், நான் வேலை செய்யும் சமையற்கூடத்துக்கே வந்துவிட்டான். புரிட்டோ சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, டிசம்பர் பதினாலாம் தேதி நாங்க ஆறு வண்டி ஒண்ணாக் கிளம்புறோம். எல் பாஸோ போயி எல்லையில ஹுவாரெஸ் பாலம் ஏறுறோம். அங்கேர்ந்து நம்ம ஊரு கமார்கோ வரைக்கும் ரோடு நேரா கிடக்கும். நடுவுல உங்க வண்டிய விட்டுக்கிறோம்."

"ஒஹினாகா பாலத்து வழி கிட்டன்னு உங்க அண்ணன் சொல்வாரே."

"அண்ணன் எப்ப போயிருக்கார் அந்த வழியில? அங்க மலை வளைவு இருக்கு. டயர் வெடிச்சா கழுகுதான் வந்து பாக்கும். நீங்க வேற வண்டி ஓட்டுறது முட்டைக் கூடையத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

சொன்னதென்னவோ உண்மை. எவரிஸ்தோ அந்த வழியில் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. அவரிடமும் தாள் இல்லை, போனால் திரும்ப முடியாது. ஊருக்குப் போய் வருகிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து, பாலம் எப்படி, பெட்ரோல் எங்கே, சாப்பாடு எங்கே என்று கேட்டுக் கேட்டு ஒரு வழியை மனசுக்குள் போட்டு வைத்திருந்தார். படுக்கையில் அதை எனக்குச் சொல்வார். தூங்கிவிடுவேன்.

கடைசியில் அவர் ஊருக்குப் போனது விமானத்தில். அதன் அடிவயிற்றில், பெட்டிக்குள், ஜன்னல் இல்லாத இடத்தில். நான் கூடப் போக முடியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மரிசெலாவுக்கு போன் போட்டேன். நாங்கள் கிளம்பும்போது அவளுக்கு ஆறு வயது, எவரிஸ்தோவின் அக்காதான் வளர்த்தாள். இப்போது இருபத்திரண்டு, கல்யாணமாகி மாசமாக இருக்கிறாள். எங்கள் பேச்சு எப்போதும் ஒன்றுதான். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், சரி வைக்கிறேன்.

வருகிறேன் என்று சொன்னேன். "வர்றதுன்னா வாங்க" என்றாள். அவ்வளவுதான். வைக்கப் போகிறாளே என்று, சித்தப்பா ஹுவாரெஸ் வழியாகக் கூப்பிடுகிறார் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"ஹுவாரெஸா? யாரு, சித்தப்பாவா சொன்னார்? டிசம்பர்ல அந்தப் பாலத்துல ஏறினா சாயங்காலம்தான் இறங்குவீங்க. கூட்டத்துல எவனாவது இடிச்சா இறங்கிச் சண்டை போடத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"தெரியாதுல்ல? அப்பறம்?"

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. அது வரைக்கும் பேசினாள். என் மகள்.

நவம்பர் 8, வெள்ளி

அவளாகவே கூப்பிட்டாள். அவளாக.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

இன்னும் இல்லை, சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஒஹினாகா சின்னப் பாலம், வரிசை கிடையாது, வண்டிக்கு அனுமதி வாங்குகிற இடத்திலும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. வயிற்றுப் பிள்ளையோடு இப்படி மூச்சு முட்டப் பேசாதே என்று சொல்ல நினைத்து, சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று சொல்லவில்லை.

நவம்பர் 10

கூப்பிட்டாள்.

நவம்பர் 11

கூப்பிட்டாள். பின்னால் அவள் புருஷன் குரல் கேட்டது. ஹுவாரெஸ்தான் நல்லது என்று ஏதோ சொன்னான் பாவம். "நீங்க சும்மா இருங்க, பெக்கான் கொட்டை லாரி ஓட்டுறவருக்கு என்ன தெரியும்" என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நவம்பர் 13, புதன்

பக்கத்து அடுப்பில் வேலை செய்கிற நியேவெஸ் கேட்டாள், "இவளே, இருக்கிறது ரெண்டு பாலம். மாப்பிள்ளை பாக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டியே?"

அவளிடம் மட்டும் சொன்னேன். நான் போன வாரமே முடிவு பண்ணிவிட்டேன். ஒஹினாகாதான். சொல்லிவிட்டால் மரிசெலா எதற்குக் கூப்பிடுவாள்?

நியேவெஸ் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "பியெத்ராஸ் நெக்ராஸ்னு மூணாவதா ஒரு பாலம் இருக்கு. அதையும் இழுத்து விடு. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்" என்றாள்.

நவம்பர் 14

பியெத்ராஸ் நெக்ராஸ் என்று சொல்லிப் பார்த்தேன். போனிலேயே கத்தினாள். "அது எங்க இருக்கு, நம்ம ஊர் எங்க இருக்கு! மேப்பைத் தலைகீழா வச்சுப் பாத்தீங்களா?" அருமையான நாள்.

நவம்பர் 18, திங்கள்

அலுவலகத்துக்குப் போய் வண்டியை என் பெயருக்கு மாற்றினேன். இறந்தவர் பெயரில் வண்டி இருந்தால் எந்தப் பாலத்திலும் அனுமதி கிடைக்காதாம். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண், "அவர் பேரை எடுத்துடவா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். எடுங்கள் என்றேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் போடவே கொஞ்ச நேரமாயிற்று. எவரிஸ்தோ, உங்க வண்டிய எடுத்துக்கிட்டேன். வேற வழி தெரியல எனக்கு.

நவம்பர் 20, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

மரிசெலா கூப்பிட்டு, பாலம் தாண்டிய பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பெட்ரோல் பங்கில் போடக் கூடாது, ரெண்டாவதில் போடணும், அங்கே அளவு சரியாக இருக்கும். சோதனைச் சாவடி தாண்டி ஒரு கிழவர் பாலாடைக்கட்டி விற்பார், பேரம் பேசக் கூடாது, அவராகக் குறைப்பார். பெக்வீஸ் பள்ளத்தாக்கு வருவதற்கு முன்னால் தனியாக ஒரு மரம் நிற்கும், அங்கேயே ஒதுங்கிக்கொள்ளணும், அப்புறம் வளைவுதான், இடம் கிடைக்காது.

 மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிழவர், அந்த மரம், எல்லாம் நான் படுக்கையில் கேட்டது. வார்த்தை மாறாமல்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

 "அப்பாதான்" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவார். வேற ஒண்ணும் பேசத் தெரியாது அவருக்கு. சாப்பிட்டியான்னு கேப்பார், அப்பறம் ரோட்டைச் சொல்ல ஆரம்பிச்சுடுவார். சின்னப் பிள்ளையில நான் நெசமாவே வந்துக்கிட்டிருக்கார்னு நெனச்சுக்குவேன். ஒவ்வொரு வாரமும்."

வைத்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் வண்டி கழுவப் போகிறேன் என்று வெளியே போவார். அவ்வளவு நேரம் கழுவ இதில் என்ன அழுக்கு இருக்கிறது என்று நான் ஏசியிருக்கிறேன்.

நவம்பர் 23

கூப்பிடவில்லை.

நவம்பர் 26

இல்லை. நான் போட்டால் எடுக்கவில்லை. விளையாட்டாக இழுத்தேனே, அறுத்துக்கொண்டேனோ?

நவம்பர் 28, வியாழன்

இந்த நாட்டு நன்றித் திருநாள், சோன் வீட்டில் வான்கோழி விருந்து. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணி நம்மகூட ஹுவாரெஸ்தான் வர்றாங்க" என்று அவனே அறிவித்துவிட்டான்.

"இல்ல தம்பி. நான் ஒஹினாகா. ஏழாம் தேதியே கிளம்புறேன். தனியா."

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அண்ணன் போகாத வழில போயி எதுக்கு அண்ணி சாகணும்?"

"அண்ணன் போகாததுனாலதான்."

 அவன் மனைவி, "சாஸ் யாருக்கு வேணும்?" என்று எழுந்தாள். கிளம்பும்போது சோன் வண்டியடியில் குனிந்து டயர் நான்கையும் உதைத்துப் பார்த்தான். ஸ்டெப்னியை எடுத்துப்போய் வேறு புதிது போட்டுக் கொண்டுவந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் போட்டான்.

நவம்பர் 29, வெள்ளி

மரிசெலா எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை நான்.

"ஒஹினாகா. ஏழாம் தேதி."

"எப்ப முடிவு பண்ணினீங்க?"

"ரொம்ப முன்னாடியே."

"தெரியும்" என்றாள். "ரெண்டு பாலத்துல ஒண்ண எடுக்க யாருக்கும் மூணு வாரம் ஆகாது."

"அப்பறம் ஏன் தெனமும் கூப்பிட்ட?"

  வைப்பதற்கு முன்னால் சொன்னாள், "பாலத்துக்கு வந்துடுறேன். பஸ் இருக்கு. அத்தைகிட்ட சொல்லாதீங்க, ஏழு மாச வயித்தோட எங்கடி போறேன்னு தெருவக் கூட்டிடுவாங்க."

வருகிறாள். பாலத்துக்கு வருகிறாள்.

டிசம்பர் 6, வெள்ளி

வண்டி நிரம்பிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம், தொட்டில், பிரித்துக் கட்டிய கட்டில், மூன்று மூட்டை துணி, மரிசெலாவின் அத்தைக்கு மிக்ஸி. தூங்கப் போகிறேன். யாரை ஏமாற்றுகிறேன்? தூக்கம் வராது. கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட இப்படி இருந்ததில்லை.

டிசம்பர் 7, சனி. ஒஹினாகா, விடுதி

தாண்டிவிட்டேன்.

டெக்சாஸ் பக்கம் பிரெசிடியோவில் பாலத்தில் ஏறியபோது எனக்கு முன்னால் இரண்டே வண்டி. கீழே ஆறு என்று ஒன்று ஓடுகிறது, நம் ஊர் வாய்க்காலில் இதைவிடத் தண்ணீர் இருக்கும். இதற்காகவா பதினாறு வருடம்.

அந்தப் பக்கம் சுங்கத்தில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் சாமான் எல்லாவற்றையும் இறக்கிக் காட்ட வேண்டும், அதிர்ஷ்டம்தான். எனக்குச் சிவப்பு. சோன் கட்டிய கயிறு அத்தனையும் அவிழ்த்தாயிற்று. தொட்டில், கட்டில், துணி என்று என் வாழ்க்கை முழுக்கத் தரையில். சீருடை போட்ட சின்னப் பெண் ஒருத்தி தொட்டிலைத் தட்டிப் பார்த்து, "இது யாருக்குங்கம்மா?" என்றாள்.

"என் மகளுக்கு."

"மக எங்க இருக்காங்க?"

"அந்த மக நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குட்டை. வயிறு பெரிசு. எவரிஸ்தோவின் புருவம். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் மிக்ஸி இருந்தது.

அவளும் கட்டிப்பிடிக்கவில்லை. உள்ளே விட்டதும் நேராக வண்டிக்கு வந்து கயிற்றை எடுத்துப் பார்த்தாள். "யாரு இப்பிடி முடிச்சுப் போட்டது? சித்தப்பாவா? மாட்டக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்க."

குனியாதே, நான் கட்டுகிறேன் என்றேன். நீங்க அந்த முனையைப் பிடிங்க என்றாள். சேர்ந்து கட்டினோம். நடுவில் ஒரு தரம் கயிறு நழுவி அவள் என்மேல் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் நகரவில்லை. நானும்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க என்று கேட்பாள் என நினைத்து, வழியெல்லாம் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்று கேட்கவில்லை. கேட்பாள். கேட்கட்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ரெண்டாவது பெட்ரோல் பங்க் மூடிக் கிடக்கிறது. கட்டடமே விழுந்துவிட்டது. முதலாவதிலேயே போட்டுக்கொண்டோம். பாலாடைக்கட்டிக் கிழவர் இருந்த இடத்தில் பஞ்சர் கடை. மரிசெலா இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அப்படி ஒருத்தரை அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லையாம்.

"பொய். அத்தனையும் பொய். எவனோ சொன்னதக் கேட்டுட்டு வந்து பைபிள் மாதிரி சொல்லியிருக்கார் எனக்கு" என்று ஆரம்பித்து, சிரித்துச் சிரித்துக் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓரமாக நிறுத்தினேன். அழுது முடித்தோம்.

மரமும் இல்லை. ஒரு புதர் மறைவில் அவளுக்கு என் சால்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளத்தாக்கு மட்டும் இருந்தது. புதிதாகக் காசு கட்டும் சாலை போட்டிருக்கிறார்கள், வளைவே கிடையாது, அதில்தான் எல்லோரும் போகிறார்கள். நாங்கள் பழைய சாலையில் திரும்பினோம். முட்டைக் கூடை மாதிரிதான் ஓட்டினேன், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும். மேலே ஒரு சுவர் ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினோம். பாறை நெட்டுக்குத்தாக இறங்குகிறது, அடியில் ஆறு நூல் மாதிரி. அவர் சொன்னதைவிடப் பெரிது. இதை அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. காற்று மரிசெலாவின் முடியைக் கலைத்தது, ஒதுக்கிவிட்டேன். தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

அல்தாமா ஊரைத் தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். ஒரு இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பலகையில் இருந்ததைப் படித்து முடிப்பதற்குள் ஒன்றில் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் பெக்கான் கொட்டை மரத் தோப்பு. இயந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்குகிறது, காய் மழை மாதிரிக் கொட்டுகிறது. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கண் விழித்தாள்.

"இது எந்த ரோடு?"

"தெரியல."

"அப்பா இதச் சொல்லவே இல்லியே."

"சொல்லல."

திரும்பச் சொல்வாள் என்று வேகத்தைக் குறைத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை முன்னால் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"போங்கம்மா. அங்க புகை தெரியுது பாருங்க, சாப்பாடு இருக்கும்."

சாப்பாடு இருந்தது. நான் முடித்துவிட்டேன். அவள் இன்னும் உள்ளே சமையல்காரியிடம் கமார்கோவுக்கு வழி கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், கையில் மூன்றாவது சோளமாவுத் தமாலே. இந்த ஊருக்குப் பெயர் என்ன என்று கேட்டு எழுத வேண்டும்.